மௌனச் சான்று

எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. அது சத்தம் போடாது. சத்தம் போடாததுதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. இதைப் படித்துச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த சிரிப்பெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று.

நான் அங்கே கசடு ஆபரேட்டர். ஊரில் யார் எதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாலும், அது கடைசியில் என் முகத்துக்கு நேராகத்தான் வந்து நிற்கும். முதலில் வாய்க்கால், அதன் குறுக்கே கம்பித் தடுப்பு. முடிக்கற்றை, கந்தல், பாலிதீன் பை, ஒருமுறை ஒரு முழுப் பல்செட். எல்லாவற்றையும் வாரியால் இழுத்து மேலே போடுவேன். தடுப்பைத் தாண்டிய தண்ணீர் காற்றுத் தொட்டிக்குப் போகும். அங்கே ப்ளோயர்கள் ஓயாமல் காற்றை ஊத, நல்ல கிருமிகள் கெட்டதைத் தின்று கொழுத்து, பிறகு அடியில் படியும். அந்தப் படிவுதான் கசடு. கறுப்பாக, கொழகொழவென்று, தொட்டால் விரலை விட்டுப் போகாமல் இருக்கும். அதை உலர்த்தும் படுகையில் பரப்பினால் பத்து நாளில் பாளம் பாளமாக வெடித்துக் காயும். காய்ந்த பாளத்துக்கு எங்கள் தொழிலில் கேக் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் வீட்டில் யாருக்கும் பிறந்தநாளே வரக் கூடாது.

பதினாறு வருஷமாக இந்த வேலை. நாற்றம் பழகிவிடும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். நாற்றம் பழகாது, மூக்குதான் செத்துப்போகும்.

கேக்கில் கிருமி இருக்கும், குடற்புழுவின் முட்டை இருக்கும். அதனால் அதை உரமாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது பழைய விதி. கொடுக்காமல் கொடுக்காமல் படுகைக்குப் பின்னால் குன்று போலக் குவிந்துவிட்டது. நிலையத்தை நடத்தும் வாரியம் கூடி யோசித்து ஒரு மீயொலி இயந்திரத்தை வரவழைத்தது. மீயொலி என்றால் மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். அதை ஈரக் கசடுக்குள் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிக்கணக்கில் கிளம்பி வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் கிருமியின் தோல் கிழியும், முட்டை உடையும், ஒட்டிக்கொண்டிருக்கும் விஷமெல்லாம் பிரியும். நல்ல இயந்திரம்தான். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அதைக் கட்டிக்கொண்ட மனிதர்கள் மேல்தான்.

வந்தது ஒரு பீரோ அளவுக்கு இருந்தது. முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு. அதைக் கசடுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுற்றிலும் தகரக் கொட்டகை போட்டு, விளக்கை எரியவைத்து, எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் எங்கள் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தடிமனான பதிவேட்டைக் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு ஒரு கேள்வி. 'சத்தம் கேட்டதா? ஆம் / இல்லை.' அதற்குக் கீழே குறிப்பு: 'இல்லை எனில் இயந்திரம் இயங்குகிறது. ஆம் எனில் பழுது. இயந்திரத்தையும் கேக் வினியோகத்தையும் உடனே நிறுத்தவும்.'

"சார், சத்தம் கேக்கலைன்னா ஓடுதுன்னு அர்த்தமா?" என்றேன்.

"மீயொலின்னா என்னய்யா?"

"காதுக்குக் கேக்காத சத்தம் சார்."

"இப்ப உனக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப ஓடுது."

"கரண்ட் போனாலும் ஒண்ணும் கேக்காதே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பவன் முட்டாள் என்று அர்த்தம். "பச்சை லைட் எரியுதில்ல? நீ ஆபரேட்டரா, விஞ்ஞானியா? போடு கையெழுத்த" என்றார். போட்டேன்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. ப்ளோயர் இரைச்சலுக்கு நடுவே சத்தம் கேட்கவில்லை என்று ஓர் ஆபரேட்டர் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அட, மேலே யாரோ மூளையோடு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வரியில் தீர்வும் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு ப்ளோயர்களை நிறுத்தி மௌன நேரம் கடைப்பிடிக்க வேண்டும். மூவர் கொண்ட செவிக் குழு அமர்ந்து, ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

செவிக் குழுவில் ஓய்வுபெற்ற கோப்பு அதிகாரி ஒருவர், வானொலியில் செய்தி வாசித்த ஒருவர், மூன்றாவதாக ஒரு பெரியவர். பெரியவருக்குக் காது மந்தமாகி இருபது வருஷம் ஆகிறது. அவரை ஏன் போட்டார்கள் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன்.

"அவர் பதிவேட்டப் பாத்தியா? சேந்த நாள்லருந்து ஒரு தடவைகூட முரண்பட்ட அறிக்கை கொடுத்ததில்ல" என்றார் பெருமையாக.

பத்து மணிக்கு மணி அடிப்பேன். ப்ளோயர்கள் நிற்கும். மூவரும் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்காருவார்கள். நாங்கள் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. பம்ப் மெக்கானிக் ஒருநாள் தும்மிவிட்டார். அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தும்மலுக்கு என்ன விளக்கம் எழுதுவது? பாவம், 'மூக்கு' என்று எழுதிக் கொடுத்தார். காகம் கத்தினால் அன்றைய மௌனம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. அதனால் காகம் விரட்ட ஓர் ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் விரட்டுகிற சத்தத்தில் மௌனம் இரண்டு முறை செல்லாமல் போனது. பத்து நிமிட மௌனம் மெலிதாக இருக்கிறது, இன்னும் கெட்டியான மௌனம் வேண்டும் என்று மேலே சொன்னார்களாம். அது அரை மணி ஆயிற்று, பிறகு இரண்டு மணி நேரம்.

காற்று நின்றால் நல்ல கிருமி மூச்சுமுட்டிச் சாகும். அது விஞ்ஞானம் அல்ல, யாருக்கும் தெரிந்ததுதான். தொட்டி கறுத்தது. அடியில் படிய வேண்டிய கசடு பாய் பாயாக மேலே மிதந்து வந்தது. அழுகிய முட்டை நாற்றம். செத்துப்போன என் மூக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தால் நாக்கில் படிகிறது, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் சோற்றில் படிகிறது. செவிக் குழுவினர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்.

"சார், தொட்டி செத்துக்கிட்டு இருக்கு. நாத்தம் தாங்கல" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "படிவத்துல நாத்தத்துக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நாத்தம் இல்ல." இதைச் சொல்லும்போது அவர் தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். குரல் வாத்து மாதிரி வந்தது.

இதெல்லாம் அவர்கள் கூத்து. இதில் என் அக்கா எப்படி வந்து மாட்டினாள் என்பதைச் சொல்கிறேன். அவளை மாட்டிவிட்டவன் நான்.

அக்கா வீடு நிலையத்தின் மதிலுக்குப் பின்னால். மாமா லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை தலை காட்டுவார். அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறாள். இரண்டு பிள்ளைகள். பெரியவன் பள்ளியில் படிக்கிறான். சின்னது பாப்பா, ஆறு வயசு. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி அளவுக்கு இடம், மண் சரியில்லாததால் ஒன்றும் விளையாது. இயந்திரம் வந்த கையோடு, சுத்தமான கேக் யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்ததும், முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

"இது அந்த இதுதானேடா?" என்று மூட்டையைக் காலால் நகர்த்தினாள்.

"அதுதான். ஆனா மெஷின்ல போட்டுச் சுத்தம் பண்ணது. கண்ண மூடிக்கிட்டுப் போடுக்கா. தினம் நான்தான் கையெழுத்துப் போடுறேன்."

"நீ போடுறியா? அப்ப சரி" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீரையும் முள்ளங்கியும் போட்டாள். கொழுகொழுவென்று வந்தது. எனக்கும் கொடுத்தனுப்புவாள். கேக்கை வெட்டி வாரிய கை என்னுடையது. சாப்பிட மனசு வராமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவேன். அது கூச்சம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆறாம் மாதம் ஒருநாள் போனபோது, அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"பாருடா! நான் விதையே போடல. தானா வந்திருக்கு!"

தக்காளிச் செடிகள். முப்பது நாற்பது இருக்கும். கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னப் பழங்கள். பாப்பா ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்துவிட்டு அப்படியே வாயில் போட்டது. அக்கா சிரித்தாள்.

கசடு வேலை செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், படுகையில் தக்காளி தானாக முளைக்கும். பதினாறு வருஷமாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறேன். அந்த விதையை யாரும் விதைப்பதில்லை. ஊரில் எவனோ தக்காளி தின்கிறான். விதை செரிக்காது. முழுசாக அவன் வயிற்றைக் கடந்து, கழிப்பறையைக் கடந்து, குழாயைக் கடந்து எங்களிடம் வந்து படுகையில் படுத்துக்கொள்ளும். வெயில் பட்டதும் எழுந்து நிற்கும். அக்கா வீட்டுத் தக்காளியின் பூர்வீகம் அதுதான். இயந்திரத்தின் அடியையும் தாங்கிக்கொண்டு ஒரு விதை இவ்வளவு ஜம்மென்று முளைக்குமா?

மறுநாள் எங்கள் லேப் அம்மாவிடம் கேட்டேன். அவர் தண்ணீரையும் கசடையும் பரிசோதிப்பவர். இயந்திரம் வந்ததிலிருந்து, செவிக் குழு இருக்கும்போது பரிசோதனை எதற்கு என்று அவரைக் கேக் மூட்டைக்குச் சீட்டு ஒட்டும் வேலையில் போட்டிருந்தார்கள்.

"விதையே சாகலைன்னா புழுமுட்ட மட்டும் செத்துப்போயிடுமா? அதுக்கு ஓடு இன்னும் கெட்டி" என்றார். பசை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஆரம்பத்துலருந்தே சந்தேகம். படிக்கிற காலத்துல இதோட சின்ன மெஷின் ஒண்ண நான் ஓட்டியிருக்கேன். மீயொலி காதுக்குக் கேக்காதுதான். ஆனா அது கசட அடிக்கிறப்ப கசடு சும்மா இருக்குமா? கிறீச்சுன்னு சீறும். காதப் பொத்திக்கிட்டுதான் பக்கத்துல நிக்கணும். உங்க மெஷின் ஏன் இவ்ளோ சமத்தா இருக்கு?" என்றார்.

இரண்டு பேரும் கொட்டகைக்குப் போய்ப் பீரோவின் பின்பக்கம் பார்த்தோம். தடிமனான ஒரு ஒயர் பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் அந்தரத்தில் தொங்கியது. அதன் நுனியில் ஓர் அதிர்வுத் தண்டு இருக்க வேண்டும், அது கசடுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இல்லை. தண்டு ஸ்டோர் ரூமில், மரப் பெட்டிக்குள், ஆணி அடித்தபடி பத்திரமாக இருந்தது. பெட்டி மேல் சீட்டு: 'நிபுணர் முன்னிலையில் மட்டுமே திறக்கவும்.' நிபுணர் எப்போது வருவார் என்று ஸ்டோர் கீப்பர் ஒரு கோப்பைப் புரட்டிக் காட்டினார். 'இயந்திரம் ஆறு மாதம் குறைவின்றி இயங்கியதற்கான சான்று கிடைத்த பின்னரே நிபுணர் அனுப்பப்படுவார்.'

ஆக, ஆறு மாதமாக ஊரே பயபக்தியோடு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அடச்சீ என்று வந்தது. கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினேன். அவர் அமைதியாக எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப மெஷின் ஓடவே இல்லங்கிற."

"ஒருநாள்கூட ஓடல சார்."

"ஓடுதுன்னு தினம் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார். நீங்கதான் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" பதிவேட்டைத் தட்டினார். "உன்னது எழுத்துல இருக்கு. ஆறு மாசம் பொய்ச் சான்று. வேலை போறது இருக்கட்டும், உள்ள தூக்கி வெச்சிடுவாங்க. உன் நல்லதுக்குச் சொல்றேன். போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், "தக்காளிய நல்லாக் கழுவிச் சாப்பிடுங்க" என்றேன். "ஏன்டா?" என்றாள். "சும்மாதான், மண்ணு ஒட்டியிருக்கும்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் என் வாய் எனக்கே நாறுகிறது. படுகையில் இல்லாத நாற்றம்.

பாப்பாவுக்கு ஒரு மாதமாகவே வயிற்று வலி. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறதாம். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. பெட்டியைக் கண்டுபிடித்த ஒன்பதாம் நாள் அக்கா மதில் ஓரமாக வந்து கூப்பிட்டாள். "பாப்பாவுக்கு வெளிய போகும்போது புழு வந்துச்சுடா. இவ்ளோ நீளம்" என்று ஒரு சாண் காட்டினாள். "உயிரோட நெளிஞ்சுது. பாப்பா பாத்துட்டு அலறுது, நிக்க மாட்டேங்குது. எங்கருந்துடா வந்திருக்கும்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். புளிப்பு ஆகாது, தக்காளி கொடுக்காதே என்றேன். நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பெட்டியின் ஆணியைப் பிடுங்கினேன். லேப் அம்மாவும் கூட வந்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, எந்த ஒயர் எங்கே என்று சொன்னார். தண்டைக் கசடுக்குள் இறக்கி சுவிட்சைத் தட்டினேன்.

கிறீச்சென்று ஒரு சீறல். தகரக் கொட்டகை அதிர்ந்தது. கசடு கொதிப்பது போலப் பொங்கியது. அது சரியாக மௌன நேரம். செவிக் குழுவினர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். கோப்பு அதிகாரி ஓடியே போய்விட்டார். காது மந்தமான பெரியவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"கேக்குது! எனக்குக் கேக்குதுய்யா! இருபது வருஷம் ஆச்சு!" கண்ணில் தண்ணீர்.

பதிவேட்டில் அன்றுதான் முதல்முறையாக 'ஆம்' விழுந்தது. ஆம் என்றால் பழுது. கண்காணிப்பாளர் மூச்சிரைக்க வந்து சுவிட்சை அணைத்தார். தண்டைக் கழற்றிக் கழுவி, பெட்டிக்குள் வைத்து, பழைய ஆணியையே அடிக்கவைத்தார். பிறகு வெள்ளை மையால் 'ஆம்' என்பதை அழித்து 'இல்லை' என்று திருத்தி, பக்கத்தில் காரணமும் எழுதினார்: 'கேட்ட சத்தம் இயந்திரத்தின் சத்தமல்ல. அது இயங்கியதால் ஏற்பட்ட சத்தம்.' நான் இட்டுக்கட்டவில்லை, பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது. எனக்கும் லேப் அம்மாவுக்கும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஓடவைத்துக் கெடுத்ததற்காக ஆளுக்கொரு நோட்டீஸ்.

மூன்றாம் நாள் விழா. ஆறு மாதம் குறைவின்றி இயங்கியதற்கு வாரியத் தலைவரே நேரில் வந்து சான்று வழங்கப்போகிறார். விழாவுக்கு ஒரு முன்னோடிப் பயனாளி வேண்டும். மதிலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி தக்காளி விளைவித்திருக்கிறார் என்று கண்காணிப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் எவர்சில்வர் தட்டு நிறையத் தக்காளியும் மறு கையில் பாப்பாவுமாக முன்வரிசையில் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

தலைவர் பேசினார். அவர் கைக்குட்டை ரோஜா வாசனை அடித்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை அதை முகர்ந்துகொண்டார்.

"கழிவைக் கழிவாகப் பார்ப்பது மற்றவர்கள் வழக்கம். நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால், நாங்கள் பார்ப்பதே இல்லை. இந்த வாரியம் இத்தனை ஆண்டுகளாகச் சாதித்தது என்ன என்று கேட்கிறார்கள். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் சாதனை. இதோ, இந்தச் சகோதரியின் தோட்டத்தில் விதைக்காமலே தக்காளி விளைந்திருக்கிறது. இது எதைக் காட்டுகிறது? நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் நல்லது நடக்கும் என்பதைக் காட்டுகிறது. அந்த நம்பிக்கையில்தான் நானும் பதவியில் நீடிக்கிறேன்."

கைதட்டினார்கள். அடுத்து, விழாவுக்கென்றே கண்காணிப்பாளர் யோசித்து வைத்திருந்த நிகழ்ச்சி. இயந்திரத்துக்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, அதன் மௌனத்தை நாலு ஒலிபெருக்கிகளில் சபைக்குக் கேட்கவைப்பது. செவிக் குழு அமர்ந்தது. பதிவேடு தலைவர் மடியில். ப்ளோயர்கள் நின்றன. ஒலிபெருக்கிகளில் மௌனம் முழங்கியது. அந்த நேரத்தில் பயனாளியின் விளைச்சலை மேன்மக்கள் சுவைப்பார்கள் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது.

தட்டு தலைவரிடம் போனது. அவர் ஒரு பழத்தை எடுத்துப் படத்துக்குச் சிரித்துவிட்டுத் திரும்ப வைத்து, "முதல் மரியாத இஞ்சினியருக்கு" என்று கிசுகிசுத்தார். தலைமைப் பொறியாளர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "டாக்டர் புளிப்பு ஆகாதுன்னுட்டார்" என்று தள்ளினார். கோப்பு அதிகாரிக்குப் பல் கூசுமாம். வானொலிக்காரருக்குத் தொண்டை கெட்டுவிடுமாம். கண்காணிப்பாளர், "பெரியவங்க சாப்பிடாம நான் எப்படி" என்று பணிவாகக் குனிந்தார். லேப் அம்மா மட்டும் அதே கிசுகிசுப்பில், "நான் சாப்பிட மாட்டேன். ஏன்னு சொல்லட்டுமா?" என்றார். "வேணாம் வேணாம்" என்று தட்டைப் பிடுங்கி என் கையில் திணித்தார் கண்காணிப்பாளர். "நீ சாப்பிடு. உன் அக்காதானே? சாப்பிடு."

எனக்குக் கீழே யாரும் இல்லை. நான் நின்ற இடம் மைக்குக்குப் பக்கத்தில். இரண்டடி தள்ளி அக்கா. இத்தனை பேர் தள்ளிவிட்டதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவர்களெல்லாம் யாரோ. இவன் தம்பி. அவள் என் வாயையே பார்த்தாள்.

ஒரு பழத்தை எடுத்தேன். வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். ஒரே கடி கடித்துவிட்டால் வேலை இருக்கும், பதிவேடு இருக்கும், அக்காவின் சிரிப்பும் இருக்கும். நாளைக் காலையில் பாப்பா இன்னொன்றைப் பறிக்கும். என்னால் முடியவில்லை. திரும்பத் தட்டில் வைத்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. கிட்டே வந்து, உதடு மட்டும் அசைய, "ஏன்டா சாப்பிடல?" என்றாள்.

"மெஷின் ஓடலக்கா" என்று நானும் மைக்கில் விழாதபடி உதட்டை மட்டும் அசைத்தேன்.

"எப்பருந்து?"

"முதல்லருந்து."

அவள் பாப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விதான் வரக் கூடாது என்று பன்னிரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"பன்னண்டு நாளாச்சு."

அக்கா என் காலடியில் துப்பினாள்.

"தூ!"

மைக்கில் விழுந்து, நாலு ஒலிபெருக்கியிலும் பாய்ந்து, தொட்டிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. காகங்கள் எழும்பின. தலைவர் நாற்காலியில் துள்ளிவிட்டார். "என்னது அது? என்ன சத்தம்?" கண்காணிப்பாளர் வாய் திறப்பதற்குள், செவிக் குழுப் பெரியவர் கையைத் தூக்கினார். "நல்லாக் கேட்டுது" என்றார். மற்ற இருவரும் பெரியவருக்கே கேட்டது என்றால் மறுக்க வழியில்லாமல் தலையாட்டினார்கள். தலைவர் தம் கையாலேயே, தம் பச்சை மையால், 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவர் எழுதியதன் மேல் வெள்ளை மை பூச எவனுக்கும் தைரியம் கிடையாது. ஆம் எனில் வினியோகத்தை உடனே நிறுத்தவும். அன்று மதியமே நிறுத்திவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் அந்த நிலையத்தில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான், அதையும் என் அக்காதான் செய்தாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கவிழ்த்தாள். தக்காளிகள் மிதந்து வந்து கம்பித் தடுப்பில் வரிசையாக நின்றன. வாரியால் இழுத்து மேலே போட்டேன். வேறு யார் போடுவார்கள்? விழா அறிக்கையில், 'நிகழ்ச்சி முடிவில் தட்டு காலியாக இருந்ததால், விளைச்சல் முழுவதும் உண்ணப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். பழுதான இயந்திரத்துக்குப் பதிலாக இதைவிட அமைதியான ஒன்றை வரவழைக்க உத்தரவாகியிருக்கிறது.

பாப்பா தேறி வருகிறதாம். மெக்கானிக் சொன்னார். அக்கா பாத்தியை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டாள். என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது, பொய்ச் சான்றுக்கு அல்ல. அதை விசாரித்தால் நாற்காலி வரிசையில் பாதி காலியாகிவிடும். மௌன நேரத்தில் மௌனம் கலைந்ததற்கு உடந்தையாக இருந்தேனாம். மூன்று கேள்விகள். சத்தம் எங்கிருந்து வந்தது? எதன் காரணமாக வந்தது? இப்போது நின்றுவிட்டதா?

முதலாவதற்கு, மதிலுக்குப் பின்னால் இருந்து என்று எழுதினேன். இரண்டாவதற்கு, என் கையெழுத்தின் காரணமாக என்று எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு வந்தேன். ப்ளோயர்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

'நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.